தெப்பம் வாங்கிய கதை

74 வயதில் ஒரு மனிதருக்குப் படகு வாங்க வேண்டும் என்ற ஆசை வந்தால் அவர் யாரிடம் போவார்? படகு கட்டுகிறவரிடம் போகலாம். படகு ஓட்டுகிறவரிடம் போகலாம். என் மாமா நேராக என்னிடம் வந்தார். பத்திரிகையில் வேலை பார்ப்பவனுக்குச் சகல விஷயங்களும் தெரியும் என்பது அவருடைய அபிப்பிராயம். அந்த அபிப்பிராயம் கலையாமல் நானும் இத்தனை காலம் ஜாக்கிரதையாகக் காப்பாற்றி வந்திருக்கிறேன்.

மாமா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் புதுச்சேரியில் அப்படிப்பட்டவர்களைச் 'சொல்தா' என்போம். 1962 ஆகஸ்டு 16-ந் தேதி ஊர் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையையே வைத்துக்கொள்கிறோம் என்று எழுதிக் கொடுத்த குடும்பங்களில் அவருடையதும் ஒன்று. மாதா மாதம் பென்ஷன் வருகிறது. மகனும் மகளும் பாரிஸ் பக்கத்தில் இருக்கிறார்கள். முத்தியால்பேட்டை வீட்டில் மாமாவும் அத்தையும் மட்டும்தான்.

"மாப்ளே, ஒரு பொந்தோன் வாங்கலாம்னு இருக்கேன்" என்றார்.

"பொந்தோனா? மாமா, அத்தைக்குத்தான் சர்க்கரை இருக்கிறதே, இனிப்பெல்லாம் எதுக்கு?" என்றேன்.

மாமா என்னைப் பார்த்த பார்வையில், பத்திரிகைக்காரனைப் பற்றிய அவருடைய அபிப்பிராயம் கொஞ்சம் ஆட்டம் கண்டது தெரிந்தது. பிறகுதான் விஷயத்தை விளக்கினார். 'பொந்தோன்' என்பது பிரெஞ்சு வார்த்தை. இங்கிலீஷ்காரர்கள் அதைத்தான் 'பான்டூன்' என்கிறார்கள். இரண்டு பக்கமும் காற்று அடைத்த நீண்ட அலுமினியக் குழல்கள், அவற்றின் மேலே சமமான ஒரு தளம், சுற்றிலும் கம்பி அழி, உட்கார நாற்காலிகள், பின்னால் ஒரு மோட்டார். அவ்வளவுதான் படகு. கோயில் குளத்தில் தெப்ப உற்சவத்துக்குக் காலிப் பீப்பாய்களைச் சேர்த்துக் கட்டி, மேலே பலகை பரப்பித் தெப்பம் கட்டுகிறார்களே, அதே தத்துவம்தான். சுவாமிக்குப் பதில் மனிதர்கள் உட்காருகிறார்கள். துடுப்புக்கும் கயிற்றுக்கும் பதில் மோட்டார் இழுக்கிறது.

"எதுக்கு மாமா இந்த வயசில் படகு?" என்று கேட்டேன்.

மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "உங்க அத்தை அஞ்சு வருஷமா தண்ணியைப் பார்க்கலை" என்றார்.

ஐந்து வருஷத்துக்கு முன்னால் அத்தை கொல்லைப்புறத்தில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள். அன்றிலிருந்து சக்கர நாற்காலிதான். அதற்கு முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சுண்ணாம்பாற்றங்கரைக்குப் போய், மாமாவின் சிநேகிதருடைய தென்னந்தோப்பில் இறங்கி, படகில் ஒரு சுற்று சுற்றி வருவது அவர்கள் வழக்கம். விழுந்த பிறகு ஒரே ஒரு தடவை அழைத்துப் போனார்களாம். சாதாரணப் படகு கரையைவிடத் தாழ்வாக இருக்கும். கால் வைத்தால் ஆடும். நான்கு ஆட்கள் அத்தையைத் தூக்கி உள்ளே இறக்கினார்கள். திரும்பி வந்ததும், "இனிமே என்னை அரிசி மூட்டை மாதிரி யாரும் தூக்க வேண்டாம். எனக்கு ஆறும் வேண்டாம், படகும் வேண்டாம்" என்று சொல்லிவிட்டாள்.

பொந்தோன் படகில் அந்தத் தொல்லை இல்லை. தளம் சமமாக இருக்கும். தோணித்துறைப் பலகையின் உயரத்துக்கே அமையும். நாற்காலியை அப்படியே உருட்டிக்கொண்டு போகலாம். இதை எங்கேயோ ஒரு படத்தில் பார்த்த நாளிலிருந்து மாமாவுக்குத் தூக்கம் இல்லை. ஜனவரியில் பிள்ளைகளும் பேரக் குழந்தைகளும் பிரான்ஸிலிருந்து வருகிறார்கள். நாங்களும் சேர்ந்தால் 14 பேர். 14 பேரும் ஒரே படகில், அத்தையை நடுவில் உட்கார வைத்துக்கொண்டு, சுண்ணாம்பாற்றில் போக வேண்டும். இதுதான் மாமாவின் கனவு.

புதுப் படகு விலை கட்டுப்படியாகவில்லை. பழைய படகுகள் இரண்டு விலைக்கு வந்திருந்தன. "ஒண்ணைத் தேர்ந்தெடுத்துக் குடு" என்றார் மாமா.

பெண் பார்க்கக் கூப்பிட்டால் போகலாம். மாடு பார்க்கக் கூப்பிட்டால்கூடப் போகலாம். படகு பார்க்க எப்படிப் போவது? இருந்தாலும் பத்திரிகைக் கௌரவத்தை முன்னிட்டு, என் மனைவியையும் துணைக்கு அழைத்துக்கொண்டு புறப்பட்டேன்.

முதல் படகு கேரளப் பக்கத்திலிருந்து லாரியில் வந்து, ஊருக்கு வெளியே ஒரு கொட்டகையில் மரக்கட்டைகள் மேல் உட்கார்ந்திருந்தது. அடடா, அதன் அழகை என்னவென்று சொல்ல! புது மாப்பிள்ளை மாதிரி நீலமும் வெள்ளையுமாகப் பளபளத்தது. உள்ளே மெத்தை தைத்த சோபாக்கள். கலர் விளக்குகள். பாட்டுப் பெட்டி. எல்லாவற்றுக்கும் மேலாக, ஓர் ஏணி வைத்து ஏறினால் மேலே ஒரு மாடி! அங்கேயும் நாலு நாற்காலி. விலை 4 லட்சத்து 75 ஆயிரம்.

"20 பேர் தாராளமாப் போகலாம் ஸார்" என்றார் தரகர். "கீழே 14, மேலே 6. பேரப் பசங்களை மாடியில ஏத்திடுங்க. குதூகலமா இருக்கும்."

மாமாவின் முகத்தில் அந்த நிமிஷமே படகு மிதக்க ஆரம்பித்துவிட்டது. 14 பேர் போக வேண்டிய இடத்தில் 20 பேருக்கு இடம்! சட்டைப் பையில் கையை விட்டு முன்பணம் கொடுக்கப் போனவரை, "இன்னொன்றையும் பார்த்துவிட்டு வருவோம் மாமா" என்று இழுத்துக்கொண்டு கிளம்பினேன்.

இரண்டாவது படகு கடலூர்ப் பக்கத்தில் ஒரு தோப்புக்காரருடையது. அதைப் பார்த்ததும் மாமாவின் முகம் சுருங்கிவிட்டது. மேலே வெளுத்துப்போன துணிக் கூரை. ஒரு நாற்காலியில் உறை கிழிந்து பஞ்சு எட்டிப் பார்த்தது. மாடி கிடையாது, விளக்கு கிடையாது. விலை மட்டும் 5 லட்சத்து 60 ஆயிரம்!

"எத்தனை பேர் போகலாம்?" என்று கேட்டார் மாமா.

"பன்னண்டு பேர். ஓட்டுறவனையும் சேர்த்து" என்றார் தோப்புக்காரர். அதை எங்களுக்காகச் சொல்லவில்லை. படகின் பக்கவாட்டில் அடித்திருந்த தகட்டைத் தொட்டுக் காட்டிச் சொன்னார். கட்டியவர்கள் பொறித்த எண் அதில் தெளிவாக இருந்தது. பிறகு, நாங்கள் கேட்காமலே, படகின் குறைகளை ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தார். தளத்தில் ஒரு மூலையில் பலகை ஊறிப்போயிருக்கிறது, மாற்ற வேண்டும். மோட்டாருக்குள் தண்ணீர் இறைக்கும் ரப்பர்ச் சக்கரம் தேய்ந்திருக்கிறது, அதையும் மாற்ற வேண்டும். என்றைக்கு எண்ணெய் மாற்றினார், என்றைக்கு எதைப் பழுது பார்த்தார் என்று 9 வருஷமாக எழுதி வைத்த ஒரு நோட்டுப் புத்தகத்தையும் எடுத்து நீட்டினார்.

திரும்பி வரும் வழியெல்லாம் மாமா பேசவே இல்லை. கடைசியில், "இவர்கிட்டே வாங்கினா 14 பேர் போக முடியாதே, மாப்ளே" என்றார்.

வாசகர்களே, அன்றிரவு நான் காகிதமும் பென்சிலும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பள்ளிக்கூடத்தில் ஆர்க்கிமிடீஸ் குளித்த கதையை எல்லோரும் படித்திருக்கிறோம். தொட்டியை விட்டு ஓடியதை ஞாபகம் வைத்திருக்கிறோம், கணக்கை மறந்துவிட்டோம். ஒரு பொருள் எவ்வளவு தண்ணீரை விலக்குகிறதோ, அந்தத் தண்ணீரின் எடையைத்தான் தண்ணீர் தாங்கும். இரண்டு படகுகளுக்கும் குழல்கள் ஒரே அளவுதான்: 6 மீட்டர் நீளம், 60 சென்டிமீட்டர் குறுக்களவு. ஒரு படகின் இரண்டு குழல்களும் முழுக்க முங்கினால் சுமார் 3,400 லிட்டர் தண்ணீரை விலக்கும். அதாவது 3,400 கிலோ.

அப்படியானால் 3,400 கிலோ ஏற்றலாமா? கூடாது. குழல் முழுக்க முங்கிவிட்டால் அப்புறம் அது படகு இல்லை. அலைக்கும் ஆட்டத்துக்கும் இடம் விட்டு, பாதிக் குழல் தண்ணீருக்கு மேலே தெரிய வேண்டும். ஆகவே பாதிதான் கணக்கு: 1,700 கிலோ. அதிலும் படகின் சொந்த எடையைக் கழிக்க வேண்டும். மிச்சம்தான் மனிதர்களுக்கு.

தோப்புக்காரரின் படகு மோட்டாரோடு 800 கிலோ. மிச்சம் 900. ஆளுக்கு 75 கிலோ என்று வைத்தால் 12 பேர். தகட்டில் இருந்த எண்ணும் என் பென்சில் கணக்கும் ஒத்துப் போனதில் எனக்கே என் மேல் ஒரு மரியாதை வந்துவிட்டது.

மாடிப் படகின் காகிதத்தில் எடை 1,100 கிலோ என்று போட்டிருந்தது. மாடிக்கும் சோபாவுக்கும் சேர்த்துத்தான். மிச்சம் 600, அதாவது 8 பேர். 20 பேர் எங்கிருந்து வந்தார்கள்? அந்தப் படகிலும் ஒரு தகடு இருந்தது. ஆனால் 'எத்தனை பேர்' என்ற இடத்தில் மட்டும் பார்த்து நீல வர்ணம் பூசியிருந்தது!

மறுநாள் இதைத் தரகரிடம் கேட்டேன். அவர் சிரித்தார். "கணக்கெல்லாம் காகிதத்துக்கு ஸார். ஆத்துல யார் வந்து எண்ணப் போறாங்க?"

யார் எண்ணப் போகிறார்கள்! 2011-ம் வருஷம் டிசம்பர் 25-ந் தேதி, கிறிஸ்துமஸ் விடுமுறையில், நம் பழவேற்காட்டில் உல்லாசமாகப் படகில் போனவர்களில் 22 பேர் மூழ்கி இறந்தார்கள். 2023 மே 7-ந் தேதி கேரளத்தில் தானூரில், மீன்பிடிப் படகை மாற்றிக் கட்டிய ஓர் உல்லாசப் படகு, அளவுக்கு மேல் ஆட்களை ஏற்றிக்கொண்டு போய்க் கவிழ்ந்தது. அங்கேயும் 22 பேர். அவர்களில் பலர் குழந்தைகள். 2009 செப்டம்பர் 30-ந் தேதி தேக்கடி ஏரியில் கவிழ்ந்தது ஒரு மாடிப் படகு. கரையில் மிருகங்களைப் பார்க்க ஜனங்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்தார்கள் என்று அப்போது பேசிக்கொண்டார்கள். 45 உயிர்கள். முதலில் யாரும் எண்ணவில்லை. பிறகு கரையில் வரிசையாகப் படுக்க வைத்துவிட்டு எண்ணினார்கள்.

மாடியில் இன்னொரு சங்கடமும் இருக்கிறது. சுமை மேலே போகப் போகப் படகு எளிதில் சாயும். தலையில் குடம் வைத்து நடக்கிறவளுக்கும், இடுப்பில் குடம் வைத்து நடக்கிறவளுக்கும் உள்ள வித்தியாசம்தான். 6 குழந்தைகள் மாடியில் நின்று, 'அதோ பார் கொக்கு!' என்று ஒரே பக்கமாக ஓடினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

இத்தனையும் சொல்லியும் மாமாவுக்கு மனசு ஆறவில்லை. "8 பேர்னாலும் பரவாயில்லை, அழகா இருக்கே! சோபாவையும் மாடியையும் கழட்டிட்டா எடை குறைஞ்சிடுமே" என்றார். அதுவும் நியாயம்தான். ஆகவே மூவரும் மறுபடி கொட்டகைக்குப் போனோம்.

இங்கேதான் என் மனைவி கதைக்குள் வருகிறாள். நான் காகிதங்களைப் புரட்டிக்கொண்டிருந்தேன். அவற்றில் ஒன்று, படகு லாரியில் வந்தபோது எடை மேடையில் போட்ட சீட்டு. காலி லாரியின் எடையைக் கழித்துப் பார்த்தால் படகு 1,310 கிலோ. காகிதத்தில் இருந்ததோ 1,100. மிச்சம் 210 கிலோ எங்கிருந்து வந்தது? "சோபா மெத்தை ஸார்" என்றார் தரகர். 210 கிலோவுக்கு மெத்தை என்றால், அதில் கும்பகர்ணன் படுக்கலாம்.

நான் இப்படிக் குழம்பிக்கொண்டிருந்தபோது, 'டங், டங்' என்று ஒரு சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். என் மனைவி குனிந்து நின்று, படகின் குழலை விரல் முட்டியால் தட்டிக்கொண்டிருந்தாள். பெரிய மார்க்கெட்டில் மண்பானை வாங்கும்போது தட்டிப் பார்ப்பாளே, அதே தோரணை! இடது குழலை முனையிலிருந்து முனை வரை தட்டிக்கொண்டே போனாள்: டங், டங், டங். வலது குழலுக்கு வந்தாள். மேல் பக்கம் தட்டினால் டங். அடிப்பக்கம் தட்டினால் 'மொத்'!

"இந்தப் பானையில தண்ணி இருக்கு" என்றாள்.

மாமா போய்ப் படகின் ஓரத்தைப் பிடித்து ஓர் உலுக்கு உலுக்கினார். உள்ளேயிருந்து, 'சளக்... சளக்...' என்று பதில் வந்தது. 210 கிலோவும் தன் இருப்பிடத்தைத் தானே சொல்லிவிட்டது!

தரகர் உடனே, "அதனால என்ன ஸார், கொஞ்சம் தண்ணிதானே?" என்றார். 'நிறைகுடம் தளும்பாது, குறைகுடம் கூத்தாடும்' என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்தது மனிதர்களைப் பற்றி மட்டுமல்ல, படகைப் பற்றியும்தான். குழலுக்குள் பாதித் தண்ணீர் இருந்தால், படகு கொஞ்சம் சாயும்போதே அத்தனை தண்ணீரும் தாழ்ந்த பக்கத்துக்கு ஓடும். முன்பக்கம் தாழ்ந்தால் முன்னால் ஓடி, இன்னும் தாழ்த்தும். நிமிர வேண்டிய படகை நிமிர விடாது. அதோடு, தண்ணீர் உள்ளே வந்த வழி ஒன்று இருக்கிறதே, அந்த வழி ஆற்றில் இறங்கியதும் மறுபடி திறந்துகொள்ளும்.

"குழலுக்குள்ளே தடுப்பு உண்டா?" என்று கேட்டேன். தரகருக்குத் தெரியவில்லை. "கொஞ்சம் காற்று அடைத்து, வெளியே சோப்பு நுரை தடவிப் பார்க்கலாமா?" என்றேன். சைக்கிள் கடையில் ட்யூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி வருகிறதா என்று பார்க்கிற வித்தைதான் இது. குழலுக்கு மிகக் கொஞ்சமாகத்தான் காற்றுக் கொடுக்க வேண்டும்; அதிகம் கொடுத்தால் பற்றவைத்த இடம் விட்டுவிடும். தரகர் அதற்குச் சம்மதிக்கவில்லை. புது வர்ணம் கெட்டுவிடுமாம்.

அந்தப் புது வர்ணமே எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது. சுண்ணாம்பாறு கடலை ஒட்டிய ஆறு. உப்புத் தண்ணீர் ஏறி இறங்கும் இடம். உப்புத் தண்ணீரில் அலுமினியத்தைச் செம்போ இரும்போ தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம்தான் அரிக்கும். கப்பலுக்கு அடியில் சிப்பி ஒட்டாமல் இருக்கப் பூசும் செம்பு கலந்த வர்ணத்தை அலுமினியத்துக்குப் பூசவே கூடாது. அரிப்பைத் தடுக்கக் குழலோடு ஒரு துத்தநாகக் கட்டியைப் பொருத்தி வைப்பார்கள். உப்புத் தண்ணீர் முதலில் அதைத்தான் தின்னும். அது கரையும் வரை குழல் பிழைக்கும். வீட்டுக்கு மூத்த மருமகள் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். மாடிப் படகில் துத்தநாகக் கட்டி இருந்த இடத்தில் ஆணித் துளைதான் இருந்தது.

வெளியே அழகாகத் தெரிவதை நம்பி ஏமாறுவது எங்கள் ஊருக்குப் புதிதல்ல. 1952 புயலில் பழைய பாலம் போன பிறகு, 1962-ல் கட்டிய கடற்கரைத் துறைமுகப் பாலத்தை நாங்கள் எல்லோரும் பார்த்துப் பார்த்து வளர்ந்தோம். தூரத்திலிருந்து பார்த்தால் கம்பீரமாகத்தான் நின்றது. 2022 மார்ச்சில் ஒரு நாள் அதில் ஒரு பகுதி கடலுக்குள் விழுந்தது. தண்ணீரில் நிற்கிற எதற்கும் ஆயுசு தண்ணீருக்குக் கீழேதான் இருக்கிறது.

தோப்புக்காரர் சோப்பு நுரைக்குச் சந்தோஷமாகச் சம்மதித்தார். அவரே வாளியில் நுரை கலக்கினார். ஒவ்வொரு குழலிலும் மூன்று தனித்தனி அறைகள். ஒன்றில் ஓட்டை விழுந்தாலும் மற்ற இரண்டும் தாங்கும். ஆறு அறைகளையும் சோதித்ததில் ஒரே ஓர் இடத்தில் குமிழி வந்தது: ஓர் அடைப்பானின் ரப்பர் வளையத்தில். அதை அங்கேயே மாற்றினார். மோட்டாரைக் கிளப்பினார். பக்கவாட்டில் சின்னத் துவாரத்திலிருந்து தண்ணீர் பீச்சியடிக்கிறதா என்று பார்க்கச் சொன்னார். அது மோட்டார் குளிர்கிறது என்பதற்கு அடையாளம். மெலிதாகத்தான் வந்தது. "சொன்னேனே, ரப்பர்ச் சக்கரம் தேய்ஞ்சிருக்குன்னு" என்றார். தன் சரக்கின் குறையைத் தானே நிரூபித்துக் காட்டிய வியாபாரியை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

எல்லாம் சரி. 12-க்கும் 14-க்கும் என்ன செய்வது? மாமா அதிலேயே நின்றார். "பசங்க சின்னப் பசங்க, எடை கம்மி. அனுசரிச்சுக்கலாம்" என்று ஆரம்பித்தார்.

அன்று சாயங்காலம் அத்தையிடமே விஷயத்தைக் கொண்டு போனோம். இரண்டு படகுகளின் படங்களையும் கைப்பேசியில் காட்டினோம். அத்தை மாடிப் படகை ரொம்ப நேரம் பார்த்தாள். வாசல் எவ்வளவு அகலம் என்று கேட்டாள். எங்களில் ஒருவருக்கும் அது தோன்றவே இல்லை! நல்லவேளையாக என் மனைவி அளந்து குறித்து வைத்திருந்தாள். மாடிப் படகின் வாசல், ஏணிக்கு இடம் விட்டதில் குறுகிப்போய் 55 சென்டிமீட்டர்தான். அத்தையின் நாற்காலி 64. தோப்புக்காரர் படகின் வாசல் 80.

அத்தை கைப்பேசியை மாமாவிடம் திருப்பிக் கொடுத்தாள். "எனக்கு எதுக்கு மாடி? சமமா ஒரு தரை இருந்தாப் போதும்" என்றாள். பிறகு, "எல்லாரும் ஒண்ணாப் போகணும்கறது பெரிசு இல்லீங்க. போனவங்க எல்லாரும் திரும்பி வரணும்" என்றாள்.

மாமா மறுபேச்சுப் பேசவில்லை. தோப்புக்காரரின் படகு முடிந்தது.

வாங்கினால் மட்டும் போதுமா? 1917-ம் வருஷத்துப் பழைய சட்டத்துக்குப் பதிலாக, உள்நாட்டுக் கலங்களுக்கென்று 2021-ல் ஒரு புதுச் சட்டம் வந்திருக்கிறது. இயந்திரம் வைத்த படகுக்கு ஆய்வுச் சான்று, பதிவு, காப்பீடு எல்லாம் வேண்டும். பழைய படகு வாங்குகிறவர்கள் இந்தக் காகிதங்களைப் பார்த்த பிறகே பணத்தை எண்ண வேண்டும். ஆளுக்கு ஒன்றாக உயிர் காக்கும் சட்டையும் வாங்கினோம். குழந்தைகளுக்குக் குழந்தை அளவில். பெரியவர்களுடைய சட்டையைக் குழந்தைக்கு மாட்டினால், சட்டை மிதக்கும், குழந்தை நழுவிவிடும்.

படகு ஓட்ட, வீராம்பட்டினத்துப் பெரியவர் ஒருவரை மாமா பிடித்தார். கட்டுமரத்தில் பிறந்து வளர்ந்தவர். எங்கள் படகைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "கட்டுமரம் முழுகாதுங்க. மரம் உள்ளேயும் மரந்தான். அலை மேலே ஏறினா, மரத்துக்கு நடுவால வடிஞ்சிடும். இது குழாய், உள்ளே வெறும் காத்து. காத்துக்குத்தான் காவல் வேணும்" என்றார். நான் பென்சிலும் காகிதமும் வைத்துக்கொண்டு ஓர் இரவெல்லாம் கண்டுபிடித்ததை அவர் ஒரு நிமிஷத்தில் சொல்லிவிட்டார். இரண்டு மிதவை வைத்த படகுக்கு உலகமெல்லாம் 'கட்டமரான்' என்றுதானே பெயர்? நம்மிடமிருந்து வார்த்தையை வாங்கிக்கொண்டு போனவர்கள், இவரிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டும் போயிருக்கலாம்.

அவர் இரண்டு நிபந்தனைகள் போட்டார். முகத்துவாரத்துக்கு இந்தப் பக்கமே திரும்பிவிட வேண்டும். மணல் திட்டில் அலை உடையும் இடத்துக்குத் தெப்பம் போகக் கூடாது. மழைக் காலத்தில் படகு கரையில்தான் இருக்க வேண்டும். 2024 நவம்பர் 30-ந் தேதி ஃபெஞ்ஜல் புயல் புதுச்சேரியை ஒட்டிக் கரை கடந்தபோது கொட்டிய மழையும், சங்கராபரணியில் வந்த வெள்ளமும் எங்களுக்கு மறக்கவில்லை. அந்த ஆற்றின் ஒரு கிளைதான் சுண்ணாம்பாறு. மாமா இரண்டுக்கும் தலையசைத்தார்.

ஜனவரியில் பிள்ளைகள் வந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தென்னந்தோப்புத் துறையில் படகு நின்றது. வெளுத்த துணிக் கூரையை மாற்றவில்லை. கிழிந்த உறையை மட்டும் என் மனைவி தைத்திருந்தாள். பக்கவாட்டில் மாமா தன் கையாலேயே வெள்ளை வர்ணத்தில் ஓர் எண்ணைப் பெரிதாக எழுதியிருந்தார்: 12.

பேரன் நாற்காலியைத் தள்ள, அத்தை துறைப் பலகையிலிருந்து படகுக்குள் போனாள். யாரும் தூக்கவில்லை. ஒரு சின்ன 'டக்' சத்தம், அவ்வளவுதான். குழந்தைகள் ஏறினார்கள். மகன், மருமகள், மகள், மாப்பிள்ளை, என் மனைவி என்று ஒவ்வொருவராக ஏறினார்கள். படகோட்டியோடு 12 ஆயிற்று. கரையில் நானும், மாமாவின் பெரிய பேத்தியும், மாமாவும் நின்றோம்.

"தாத்தா, நீங்க போங்க. நான் அடுத்த நடையில வர்றேன்" என்று பிள்ளைகளில் ஒருத்தன் எழுந்தான். மாமா கையமர்த்திவிட்டார். "மாப்ளே, நீ ஒரு தரம் எண்ணு" என்றார். நான் எண்ணினேன். பிறகு அவரும் பிரெஞ்சில் ஒரு தரம் எண்ணினார். 'தூஸ்' என்று முடித்த பிறகுதான் கயிற்றை அவிழ்த்தார்.

படகு தென்னை நிழலைத் தாண்டி வெயிலுக்குப் போயிற்று. அத்தை திரும்பிப் பார்த்துக் கையை அசைத்தாள். மாமா ராணுவத்தில் நிற்கிற மாதிரி நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தார். படகு வளைவில் மறைந்த பிறகும் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். முக்கால் மணி நேரம் கழித்து மோட்டார்ச் சத்தம் கேட்டபோதுதான் உட்கார்ந்தார்.

வாசகர்களில் எத்தனை பேர் படகு வாங்கப் போகிறீர்கள் என்று எனக்குத் தெரியாது. ஆனால் விடுமுறைக்கு எங்காவது போய், எல்லோரும் ஒரு நாள் படகில் ஏறத்தான் போகிறீர்கள். ஏறுவதற்கு முன்னால் இரண்டே காரியம் செய்யுங்கள். பக்கவாட்டில் எழுதியிருக்கும் எண்ணைப் பாருங்கள். பிறகு, உள்ளே இருக்கும் தலைகளை எண்ணுங்கள். இரண்டும் ஒத்துப் போகாவிட்டால், கரையிலேயே நில்லுங்கள். அடுத்த நடை வரும். நாங்கள் மூன்று பேரும் அடுத்த நடையில்தான் போனோம். அத்தை இறங்க மறுத்துவிட்டதால், அவளும் எங்களோடு இன்னொரு முறை வந்தாள்.